எல்மரில் முதல் சிமுலேஷன்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பெருங்குடி_கன்ட்ரோலர்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்களுடையது சின்ன கம்பெனி, மின்சார ஸ்கூட்டருக்கு கன்ட்ரோலர் செய்கிறோம். அதன் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும், ஃபின் என்ற தகடுகள் வைத்த துண்டு) அக்னி நட்சத்திரத்தில் தாங்குமா என்று பார்க்கச் சொன்னார்கள். லைசென்ஸ் வாங்கப் பணமில்லை, அதனால் இலவச சிமுலேஷன் மென்பொருளான எல்மர். பட்டன் அழுத்தி வேலை செய்ய ஜியுஐ இருக்கிறதே என்ற தைரியம். வடிவம் இருக்கும் ஸ்டெப் ஃபைலைத் திறந்து, அதைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ் போட்டு, அலுமினியம் கொடுத்து, அடித்தட்டில் சதுர மீட்டருக்கு 5,000 வாட், ஃபின்களில் வெப்பப் பரிமாற்ற எண் 10, வெளிக்காற்று 313 கெல்வின் என்று வைத்தேன். கணக்கைப் போடும் சால்வர் ஒரு பிழையும் சொல்லாமல் முடிந்தது. விடையைப் படமாகக் காட்டும் பாராவியூவில் சிவப்பும் நீலமுமாக அழகான படம். உச்சம் மட்டும் 800 கெல்வினுக்கு மேல். அலுமினியம் உருகுவதே 933இல்தான்.

மூன்று நாள் மெட்டீரியல் எண்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் சீனியர் அக்கா டீயோடு வந்து நின்று, "அந்தத் துண்டு எவ்வளவு நீளம்?" என்றார். "120 மில்லிமீட்டர்க்கா." "இங்க வெறும் 120ன்னுதானே இருக்கு. மில்லிமீட்டர்னு யார் சொன்னா?"

பாராவியூவின் இன்ஃபர்மேஷன் பகுதியில் எக்ஸ் 0 முதல் 120 வரை என்று இருந்தது. எல்மருக்கு அலகு என்று ஒன்று கிடையாது. வாட், கெல்வின் எல்லாம் எஸ்ஐயில் கொடுத்தால் நீளமும் மீட்டர்தான். என் 30 மில்லிமீட்டர் ஃபின் 30 மீட்டர் ஆகியிருந்தது, பத்து மாடி உயரம். அதன் நுனிக்குச் சூடு எப்படிப் போய்ச் சேரும்? எல்லா நீளத்தையும் பெருக்கும் கோஆர்டினேட் ஸ்கேலிங் 0.001 என்று ஒரே ஒரு வரி சேர்த்ததும் உச்சம் 375 பக்கம் இறங்கியது. உறுத்துவது என்னவென்றால், இரண்டாம் நாளே அந்த 800 கெல்வின் படத்தை மேனேஜருக்கு அனுப்பியிருந்தேன்.

கிண்டி_எம்இ:
எனக்கு பாடி ஃபோர்ஸ் என்ற பகுதியில் கொடுக்கும் ஹீட் சோர்ஸ், அதாவது பொருளுக்குள்ளேயே உண்டாகும் சூடு. செம்புச் சுருள், கன மீட்டருக்கு இத்தனை வாட் என்று கையால் கணக்குப் போட்டு அப்படியே கொடுத்தேன். ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல் வந்தது. சூரியனின் மேற்பரப்பே 5,800 கெல்வின்தான்! வழக்கமாக எல்மர் அந்த எண்ணைக் கிலோவுக்கு வாட் என்று எடுத்துக்கொண்டு அடர்த்தியால் பெருக்கும். செம்பின் அடர்த்தி 8,960. அது அப்போது எனக்குத் தெரியாது. ரிவ்யூவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எண்ணைக் குறைத்துக் குறைத்து, விடை நம்பும்படி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த சார் திரையில் அந்த எண்மேல் விரலை வைத்து, "இது எங்கேயிருந்து வந்ததும்மா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிஃப்_மட்டும்:
முதலில் எழுதிய தம்பிக்கு: அலகைச் சரிபார்ப்பது நம் வேலை. இதற்கெல்லாம் மூலகாரணம் ஜியுஐதான் என்பது என் கருத்து. அது செய்வதெல்லாம் நீங்கள் அழுத்தும் பட்டன்களை வைத்து ஒரு சிஃப் ஃபைல், அதாவது கட்டளைகள் அடங்கிய டெக்ஸ்ட் ஃபைல், எழுதித் தருவது, அவ்வளவுதான். சால்வர் படிப்பது அந்த ஃபைலைத்தான்.

என் கதை சின்னது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஒரு மத்தியானம் கரண்ட் போனது, யுபிஎஸ் கைவிட்டது, நாற்பது முகங்களுக்குக் கொடுத்த பௌண்டரி கண்டிஷன் (அந்த முகத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்ற விவரம்) அத்தனையும் போச்சு. புராஜெக்டை ஒருமுறைகூட சேவ் செய்யவில்லை.

புதியவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ரன் கொடுக்குமுன் சிஃப்பைத் திறந்து மேலிருந்து கீழே படியுங்கள். ஒவ்வொரு பாடிக்கும், அதாவது மாடலின் ஒவ்வொரு பகுதிக்கும், ஈக்வேஷன், மெட்டீரியல் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்ளை டு பாடீஸ் என்பதில் டிக் போட மறந்துவிட்டு, ஈக்வேஷன் சேர்த்தாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். முதல் ரன் முரட்டு மெஷ்ஷில் போதும். பிறகு பாதி அளவு மெஷ்ஷில் ஓட்டி, விடை நகர்கிறதா என்று பாருங்கள். வடிவத்தை மாற்றினால் பௌண்டரி எண்கள் மாறலாம், பழைய கண்டிஷன் வேறு முகத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வெப்பம், தகைவு (ஸ்ட்ரெஸ்) என்று ஒரு இயற்பியலை முடித்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்ட பிறகுதான் இரண்டாவதை இணைக்க வேண்டும். 60 வாட் உள்ளே போனால் 60 வாட் வெளியே வர வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்கள். ஹீட் சோர்ஸ் விஷயமும் மாடல்ஸ் மேனுவலில் இருக்கிறது, கன அளவுக்குக் கொடுக்க வால்யூமெட்ரிக் என்று தனி விருப்பமே உண்டு. மேனுவலைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

டைகாஸ்டிங்_54:
சிஃப் சார், மன்னிக்கணும், இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் டிப்ளமோ, முப்பது வருஷம் ஷாப் ஃப்ளோரில். வெறும் டெக்ஸ்ட் ஃபைலைக் காட்டியிருந்தால் அன்றைக்கே மூடிவைத்திருப்பேன். ஜியுஐயில் ஒரு முகத்தை டபுள் கிளிக் செய்ததும் அது நிறம் மாறியது பாருங்கள், அப்போதுதான் இது நான் தினமும் கையில் பிடிக்கிற பொருள் என்று பட்டது. என் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

எனக்கு உறுத்துவது வேறு. இரு முனையும் இறுக்கிய அலுமினியப் பட்டை, வெப்பமும் தகைவும் சேர்த்து. சூடே ஏற்றவில்லை, பட்டை முழுக்க 303 கெல்வின்தான். ஆனால் 480 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தத் தகைவு. மகள் சொன்னாள்: "அப்பா, எந்தச் சூட்டிலேர்ந்து விரியுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே." ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எல்மர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, தனிப்பூஜ்யத்திலிருந்து 303 வரை விரிந்த கணக்கைப் போட்டிருக்கிறது. 303 என்று நிரப்பியதும் தகைவு பூஜ்யம்.

இதை நான் சிஃப்பில் படித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இல்லாத வரியை எப்படிப் படிப்பது?

சிஃப்_மட்டும்:
அது சரியான கேள்வி, அண்ணே. அந்த இடத்தில் நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

கிண்டி_எம்இ:
சிஃப் சார், மேனுவல் என்னிடம் இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. பெருங்குடி அண்ணா, மேனேஜரிடம் அப்புறம் என்ன சொன்னீர்கள்?

பெருங்குடி_கன்ட்ரோலர்:
புதுப் படத்தையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீளம் தப்பு என்று எழுதி அனுப்பினேன். "சரி, ஃபின் எத்தனை கூட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.