மறு: ஒட்டுகிற கார்ப் பிளாஸ்டிக்குக்குச் சொல் – "பூச்சிளகல்" என் முன்மொழிவு

கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம். பழைய கார்களுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்குவதை எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> "பிசுக்குப் படிவு" என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் விளங்கும்.

விளங்கும் ஐயா. ஆனால் "படிவு" என்றதும், வெளியிலிருந்து வந்து படிந்தது, கழுவினால் போய்விடும் என்றுதான் படும். நானும் அப்படி நம்பித்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன்.

எங்களுடையது 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கார். கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சைச் சுற்றியுள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் பெருவிரலை வைத்து எடுத்தால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். காய்ந்ததும் மறுபடி ஒட்டியது. பவுடர் தூவினேன், சாம்பல் நிறப் பசையானது. கடைசியில் பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பழைய சாரத் துண்டில் நனைத்துத் தேய்த்தேன். நாலாவது தேய்ப்பில் துணி தார் பூசியது போலக் கறுத்தது. அடியில் வழுவழுப்பான, கெட்டியான பிளாஸ்டிக். ஒட்டவே இல்லை. அழுக்கு என்று இத்தனை நாளும் நினைத்தது பிளாஸ்டிக்கின் மேல் அடித்திருந்த பூச்சு.

தொட்டால் ரப்பர் போல இருக்கவேண்டும் என்று அடிக்கும் பொலியூரித்தேன் பூச்சு அது. பொலியெஸ்டர் வகையில் செய்ததென்றால், காற்றின் ஈரம் அதன் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கிறது. எங்கள் பாடப்புத்தகச் சொல்லில் நீர்ப்பகுப்பு. பூச்சின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் துண்டு துண்டாகிப் பசையாகின்றன. அறும்போது உண்டாகும் அமிலம் மேலும் அறுக்க உதவுவதால், தொடங்கியது தானாக நிற்காது. கொழும்பின் ஈரமும், பூட்டி நிறுத்திய காருக்குள் ஏறும் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே பழைய கார்களை வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடிப் போனாலும் அதே வயது, அதே பூச்சு, அதே ஒட்டல்.

> அப்படியானால் "பூச்சுச் சிதைவு" போதாதா?

போதாது அக்கா. உரிவது, வெடிப்பது, வெளிறுவது எல்லாமே சிதைவுதான். இது பசையாவது. மருந்தும் வேறு.

என் சொல் பூச்சிளகல். மாரி காலத்தில் பனங்கட்டிப் பேணியின் மூடியைச் சரியாக மூடாவிட்டால் எங்கள் அம்மம்மா "பனங்கட்டி இளகிப் போச்சு" என்பார். அழுக்காகிப் போச்சு என்று யாரும் சொல்வதில்லை. ஈரம் உள்ளே போய், அந்தப் பொருளே இளகியது என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. கராஜுக்குப் போன் எடுத்து "பூச்சு இளகிட்டுது" என்றால் மெக்கானிக்குக்கும் புரியும். வினையாகப் புழங்காத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

மெழுகும் இளகும், ஆறினால் இறுகும், இது இறுகாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. "மீளாதது" என்பதை வரைவிலக்கணத்திலேயே சேர்த்துவிடுவோம்.

ரப்பர் போன்ற அந்தப் பூச்சை "மென்தொடு பூச்சு" என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். சில கார்களின் டாஷ்போர்டில் பூச்சே இருக்காது, பி.வி.சி. தோல்தான். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்ல மேலே வந்து ஒட்டும். அதற்குக் "கசிவு" பொருந்தும். அங்கே உரித்தெடுக்கப் பூச்சு இல்லை, துடைத்தாலும் திரும்ப வரும். ஐயாவின் "பிசுக்குப் படிவு" ஸ்டீரிங்கில் சேரும் வியர்வைக்கும் கை எண்ணெய்க்கும் மிகச் சரியான சொல். அது சவர்க்காரத் தண்ணீரோடு போய்விடும்.

பதிவுக்கு என் வரைவு:

பூச்சிளகல் (பெ.): மென்தொடு பூச்சு ஈரத்தால் நீர்ப்பகுப்படைந்து மீளாதபடி பசையாதல். வினை: பூச்சு இளகு. தீர்வு: பூச்சை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் முற்றாகத் துடைத்தெடுத்தல். சுவிட்சில் அச்சிட்ட குறிகளும் அழியலாம் என்பதால் முதலில் மறைவான ஓரத்தில் பார்க்கவும். அசற்றோனும் தின்னரும் கூடாது, அசற்றோன் பூச்சுக்கு அடியில் இருக்கக்கூடிய ஏ.பி.எஸ். வகைப் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

"துடைத்தெடுத்தல்" அங்கே சரியா, "உரித்தல்" நல்லதா? ஸ்பிரிட்டோடு வழிந்து வருவதை உரித்தல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து