சாட்டிலைட் படத்தில தலைக்கு மேல ஒரே புகை, கீழ காத்து நல்லாத்தான் கிடக்கு, எப்பிடி?

ஸ்கார்பரோ_பெடியன்:
நாசாவின்ர சாட்டிலைட் படத் தளம் வேர்ல்ட்வியூவில மத்தியானப் படம் பாத்தன், ஒன்டாரியோவுக்கு மேலால சாம்பல் நிறத்தில பெரிய பட்டை ஒண்டு கிடக்கு, ஆனா வெளியில போய் நிண்டா ஒரு மணமும் இல்லை, ஏக்யூஹெச்ஐ, அதான் கனடாவின்ர காத்துத்தர அளவு, 3 எண்டு குறைவாத்தான் காட்டுது. சூரியன் மட்டும் சிவந்து கிடக்கு. அம்மாவுக்கு ஆஸ்துமா, அதாலதான் கேக்கிறன், இந்தப் படத்தைப் பாத்து ஜன்னலைப் பூட்டுறதோ விடுறதோ? உது புகைதானா மெல்லிய முகிலா எண்டும் பிடிபடேல்லை.

வானிலை_கிறுக்கன்:
புகையேதான் ப்ரோ, சூரியன் சிவப்பா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சாட்டிலைட் மேல இருந்து தரை வரைக்கும் இருக்குற எல்லாத்தையும் ஒரே படமா அமுக்கிடுது, புகை 200 மீட்டர்ல இருக்கா 5 கிலோமீட்டர்ல இருக்கான்னு அந்த கலர் போட்டோல தெரியவே தெரியாது. அதே சைட்ல ஏரோசால் ஆப்டிகல் டெப்த்னு ஒரு லேயர் இருக்கும், காத்துல இருக்குற துகள் எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு காட்டும், பாக்க ரொம்ப சயின்டிஃபிக்கா இருக்கும், அதுவும் மேல இருந்து தரை வரைக்கும் மொத்தக் கணக்குதான். 2023 ஜூன் கடைசில கனடா காட்டுத்தீப் புகை அட்லாண்டிக்கத் தாண்டி ஸ்பெயின், போர்ச்சுகல் வரைக்கும் போச்சே, படத்துல பாத்தா பகீர்னு இருக்கும், ஆனா உயரத்துலயே போனதால அங்க கீழ காத்து பெருசா கெடல. அதே மாசம் 7ஆம் தேதி நியூயார்க் வானம் ஆரஞ்சா மாறுச்சே, அப்போ புகை தரை வரைக்கும் இறங்கிடுச்சு. ஜன்னலுக்கு தரையில இருக்குற காத்துத்தர மீட்டரைப் பாருங்க, சாட்டிலைட் படம் புகை எந்தப் பக்கம் நகருதுன்னு பாக்க மட்டும்.

முகில் சந்தேகத்துக்கு, கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்களோட ஸ்லைடர் வெப்சைட்ல கோஸ்-ஈஸ்ட் வானிலை சாட்டிலைட் படத்தை ஓட விட்டு 10.3 மைக்ரான் இன்ஃப்ராரெட்டுக்கு மாத்துங்க. உயரத்துல இருக்குற மெல்லிசான மேகம்னா குளிரா பளிச்னு நிக்கும், புகைன்னா காணாமப் போயிடும்.

குவைத்_குமார்:
எங்களுக்கு அப்படியே தலைகீழ் பாஸ். பாலைவனமும் தூசியும் ஒரே கலர், சாதா படத்துல கடல் மேல வந்தாதான் தூசின்னே தெரியும். அதனால மீட்டியோசாட்னு ஐரோப்பிய வானிலை சாட்டிலைட்ல டஸ்ட் ஆர்ஜிபி, அதாவது தூசி தனியா தெரியுற மாதிரி கலர் போட்ட படம் பாப்போம், 15 நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், தூசி பிங்க்கா தெரியும், அதுவும் இன்ஃப்ராரெட்தான், மண்ணுத்தூள் 12 மைக்ரானை விட 10.8ஐ அதிகமா உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை வச்சுதான் கண்டுபிடிக்குறாங்க, ராத்திரியும் வேலை செய்யும். ஜூன், ஜூலைல ஷமால்னு வடமேற்குக் காத்து அடிச்சா ஈராக் பக்கம் பிங்க் கிளம்புறப்பவே துணியை எடுத்து உள்ள போட்டுருவேன். ஆனா இதுல புகையைத் தேடாதீங்க, மாட்டாது.

ஸ்கார்பரோ_பெடியன்:
நன்றி அண்ணை ரெண்டு பேருக்கும். அப்ப இரவில? படம் கறுத்துப் போகுதே.

வானிலை_கிறுக்கன்:
ராத்திரி புகை கண்ணுல படாது. நாசா ஃபிர்ம்ஸ் மேப்ல தீ எரியுற இடங்களைப் புள்ளியா பாக்கலாம், சாட்டிலைட்ல இருக்குற விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவுக்கு காட்டும், கெட்டி மேகம் மூடியிருந்தா அதுவும் போச்சு. புகை எங்க போகும்னு தெரியணும்னா ஃபயர்ஸ்மோக் கனடா வெப்சைட் பாருங்க, தரைமட்ட பிஎம் 2.5ஐ, அதாவது காத்துல இருக்குற நுண்துகள் அளவை, மணிவாரியா கணிச்சுப் போடுவாங்க, மாடல்தான், முன்னப் பின்ன இருக்கும். அப்புறம் அம்மா விஷயத்துல ஒண்ணு, வெயில் ஏறி தரை சூடானா மேல நிக்குற புகை கலந்து கீழ வர வாய்ப்பிருக்கு, அதனால காலைல 3ன்னு பாத்துட்டு நாள் பூரா ஜன்னலைத் திறந்து போட்டுடாதீங்க, மத்தியானம் இன்னொரு தடவை பாருங்க.