இருவர் போக வசதியான டூரிங் பைக் எது? கரூர் வருவதற்குள் மனைவிக்கு இடுப்பு போய்விடுகிறது

சேலம்_இருவர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் மாதம் ஒருமுறையாவது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் ஏற்காடு. மாமனார் வீடு மதுரையில் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த 230 சொச்சம் கிலோமீட்டரும் உண்டு. கையில் இருப்பது ஒரு 200 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். கல்யாணத்துக்கு முன் வாங்கியது. பின்சீட் என்று ஒன்று இருப்பதையே அப்போது நான் பார்க்கவில்லை.

நாமக்கல் வரும்போதே நெளிய ஆரம்பித்துவிடுகிறாள். கரூரில் டீ குடிக்க இறங்கினால் வால் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பிரேக் பிடித்தால் சறுக்கி என் முதுகில் விழுகிறாள், அவள் கனம் மொத்தமும் என் மணிக்கட்டில் இறங்குகிறது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக் டொக்கென்று மோதிக்கொண்டே வரும். போன முறை மதுரையிலிருந்து திரும்பும்போது திண்டுக்கல்லில் பஸ் ஏறிவிட்டாள். நான் தனியாக அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன்.

என் உயரம் 5 அடி 8, எடை 78 கிலோ. அவள் 5 அடி 2, 60 கிலோ. ஆன்ரோடு நாலு லட்சம் வரை போகலாம். மனதில் இருப்பவை இன்டர்செப்டர் 650, டோமினார் 400, ஹிமாலயன் 450, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ். 'ஸ்போர்ட் டூரிங்' என்று தேடினால் நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸ் வருகிறது. அதற்கு வீட்டை விற்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. இரவில் இருவராகப் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் டிம் டிப் அடிக்கிறார்கள். நான் லோ பீமில்தான் இருப்பேன். தனியாகப் போனால் ஒருவரும் அடிப்பதில்லை.

லாங்ரைடு_கோவை:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்போர்ட் டூரர் என்றால் வேகமான வண்டி என்று அர்த்தமில்லை. ஹேண்டில்பார் கொஞ்சம் உயரம், ஃபுட்ரெஸ்ட் ரொம்பப் பின்னால் போகாமல் இருக்கும், நெஞ்சில் காற்று அறையாமல் ஒரு விண்ட்ஷீல்டு, இரண்டு பேரும் மூட்டையும் ஏறினாலும் வளைவில் தடுமாறாத சேஸிஸ். அவ்வளவுதான். நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸில் இதையெல்லாம் 1,043 சிசி நாலு சிலிண்டர் எஞ்சினோடு தந்தார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த உட்காரும் வடிவம், எஞ்சின் அல்ல.

2018-ல் மத்திய அரசு வைத்த உச்சவரம்புப்படி நான்குவழிச் சாலையில் பைக்குக்கு மணிக்கு 80 கிலோமீட்டர்தான். ஆக 140-ல் வண்டி எவ்வளவு ஆடாமல் போகும் என்ற வீடியோக்களை ஒதுக்கிவிடலாம். 80-ல் ஓடும்போது பின்னால் 60 கிலோ இருக்கையில், ஒரு லாரியைத் தாண்ட கியரைக் குறைக்காமல் இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே பவரைவிட டார்க், அதாவது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை, பேசும். இன்டர்செப்டர் 648 சிசி, 52 நியூட்டன் மீட்டர். ஹிமாலயன் 452 சிசி, 40. டோமினார் 373 சிசி, 35. வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 249 சிசி, 22. கடைசி வண்டி 167 கிலோதான் என்பதால் ஊருக்குள் சுகம். ஆனால் இருவராகத் தொப்பூர் கணவாய் ஏறும்போது கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இன்டர்செப்டர். இரட்டை சிலிண்டர் ஓடுகிற விதமே வேறு.

வேகத்தடை:

எதற்கு இவ்வளவு யோசனை? சூப்பர் மீட்டியார் 650 எடுங்கள். சீட் உயரம் 740 மில்லிமீட்டர், அக்கா ஈசியாக ஏறி இறங்கலாம்.

லாங்ரைடு_கோவை:

தம்பி, அது 241 கிலோ. ஏற்காட்டில் சரிவான இடத்தில் இருவரோடு திருப்பிப் பாருங்கள், தெரியும். க்ரூஸரில் ஓட்டுகிறவர் காலை முன்னால் நீட்டி உட்காருகிறார், அதனால் பள்ளத்தில் காலை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. அடி நேராக இடுப்புக்கு வரும். இவருக்கு நாலு லட்சமும் போதாது.

ஒர்க்‌ஷாப்_மாமா:

தம்பி சேலம், நீங்கள் சின்ன விஷயம் என்று கடைசியில் எழுதினீர்களே, அதுதான் பெரிய விஷயம். எதிரே வருகிறவர் டிம் டிப் அடிக்கிறார் என்றால் உங்கள் லைட் வானத்தைப் பார்க்கிறது. ஏன் பார்க்கிறது? பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்க பிரீலோடு என்று படிப்படியாக ஒரு வளையம் இருக்கும். ஷோரூமில் இருந்து வந்த நாளில் எந்தப் படியில் இருந்ததோ அதே படியில்தான் இன்னமும் இருக்கும். ஒருவர் ஓட்டுவதற்கு வைத்த அளவு அது.

இடுப்பு வலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்ததுமே ஸ்பிரிங் பெரும்பாலும் அமுங்கிவிட்டது. அதன்பின் ஒரு குழி வந்தால் அமுங்க மிச்சம் இடமில்லை, டொம்மென்று அடிமட்டத்தில் இடிக்கும். அந்த இடி நேராகப் பின்சீட்டுக்குப் போகும். உங்களுக்கு அவ்வளவு தெரியாது, ஏனென்றால் நீங்கள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டம்மா பின் சக்கரத்துக்கு நேர் மேலே.

டூல்கிட்டில் கொக்கி மாதிரி ஒரு சி ஸ்பேனர் கொடுத்திருப்பார்கள். அதை வைத்து இரண்டு படி ஏற்றுங்கள். டயர் காற்றையும் பாருங்கள். இருவர் போனால் பின் டயருக்கு எவ்வளவு என்று செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும். பங்க்கில் கேட்காமலே அவர்கள் அடிக்கிற காற்று அந்த அளவாக இருக்காது. இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். புது வண்டி அப்புறம். இதைக் கற்றுக்கொள்ளாமல் புது வண்டி எடுத்தால் அதிலும் இதே கதைதான்.

பின்சீட்_ராணி:

நான் 11 வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். மேலே எல்லோரும் ஓட்டுகிறவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பின்னால் இருக்கிறவளுக்குச் சாலை தெரியாது. உங்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரியும். பள்ளம் வருகிறது என்று உங்கள் உடம்புக்கு முன்கூட்டித் தெரியும், கால் தானாக ஊன்றும். எங்களுக்கு விழுந்த பிறகுதான் தெரியும். பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டே 100 கிலோமீட்டர் வந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால் எந்த வண்டி பார்த்தாலும் முதலில் பின்சீட் தட்டையா, முன்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் பிரேக்குக்குப் பிரேக் சறுக்கல்தான். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது அடுத்தது. ஷோரூமில் இருவரும் ஏறி உட்கார்ந்து பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தவளை மாதிரி மடங்கியிருந்தால் அந்த வண்டி வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு சாய்மானமும் இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு பேக்ரெஸ்ட் போதும், 'பின்னால் விழமாட்டேன்' என்று மனதுக்குத் தெரிந்துவிட்டால் உடம்பு தளர்ந்துவிடும். டோமினாரில் 2021 அக்டோபரிலிருந்து பேக்ரெஸ்ட், கேரியர், வைசர் எல்லாம் கம்பெனியே போட்டுத் தருகிறார்கள். இன்டர்செப்டரில் இருவருக்கும் சேர்த்து ஒரே நீளச் சீட், தட்டையாக இருக்கும், ஆனால் விண்ட்ஷீல்டும் பேக்ரெஸ்டும் நாம்தான் மாட்ட வேண்டும். ஹிமாலயனில் சீட் 825 மில்லிமீட்டர், 5 அடி 2-க்கு அதில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது ஒரு வித்தை. ஃபுட்ரெஸ்டில் கால் வைத்துக் குதிரை ஏறுவது போல ஏறினால் முடியும், ஓட்டுகிறவர் வண்டியை ஆடாமல் பிடிக்க வேண்டும்.

டீலர் தருகிற இரண்டு கிலோமீட்டர் டெஸ்ட் ரைடில் ஒன்றும் தெரியாது. எந்த சீட்டும் இரண்டு கிலோமீட்டருக்குச் சுகம்தான். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அவரைப் பின்னால் வைத்து 100 கிலோமீட்டர் போங்கள். முடிவை அவரிடம் விடுங்கள்.

சேலை கட்டுவாரா என்று சொல்லவில்லை. கட்டுவார் என்றால், பக்கவாட்டுப் பெட்டி மாட்டக் கம்பி போடும்போது சாரி கார்டைக் கழற்றிவிடுவார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்_இருவர்:

மாமா, அக்கா, இருவருக்கும் நன்றி. சி ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது! பிரீலோடு கடைசிக்கு முந்தைய படிக்கு ஏற்றினேன். பின் டயரில் இருக்க வேண்டியதைவிட 7 பிஎஸ்ஐ குறைவு. நேற்று இரவு ஏற்காடு போய்த் திரும்பினோம். எதிரே வந்தவர் ஒருவரும் டிம் டிப் அடிக்கவில்லை. 20 கொண்டை ஊசியிலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. இறங்கும்போது முன்பிரேக்கோடு பின்பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்தேன், ஹெல்மெட் மோதல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் சறுக்கல் அப்படியே இருக்கிறது. சீட்டின் சரிவுக்கு ஸ்பேனர் கிடையாது.

ஒர்க்‌ஷாப்_மாமா:

குஷன் கடையில் கொடுத்துச் சரிவை நிரப்பலாம். மெத்தென்ற ஸ்பாஞ்ச் வைக்கவிடாதீர்கள், அரை மணி நேரத்தில் அமுங்கி அடித்தகடு குத்தும். அழுத்தினால் மெதுவாக உள்ளே போகிற கெட்டி ஸ்பாஞ்ச் கேளுங்கள். ஆயிரம் சொச்சத்தில் முடியும். இருந்தாலும் முழங்கால் மடங்குவதை அது சரி செய்யாது. உங்கள் வண்டியின் வடிவமே அப்படி.

வேகத்தடை:

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் போனால் ஜிஎஸ்டி 40 சதவீதம், 350 வரை 18. பழைய வீடியோவில் சொன்ன ஆன்ரோடு விலையை நம்பி நாலு லட்சம் என்று கணக்குப் போட வேண்டாம்.

சேலம்_இருவர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

கொழுந்தியாள் வீடு பெங்களூரில் இருப்பதால் அங்கே போய் சனிக்கிழமை இன்டர்செப்டர், ஞாயிற்றுக்கிழமை டோமினார் என்று வாடகைக்கு எடுத்தோம். இரண்டு நாளும் அதே நந்தி மலைச் சாலை, போகவர 120 கிலோமீட்டர். கோவை அண்ணன் சொன்னது சரிதான், அந்த இரட்டை சிலிண்டரை நாலாவது கியரில் விட்டுவிட்டுத் திருகினால் வருகிற இழுப்பில் நான் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். இறங்கியதும் திரும்பி 'எப்படி?' என்றேன். 'எஞ்சின் நல்லா இருக்கு, நான் முழுக்க உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்' என்றாள்.

மறுநாள் டோமினாரில் பாதி வழியில் பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்து வண்டியை ஓரம் கட்டினால், பேக்ரெஸ்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. டோமினார் புக் செய்துவிட்டோம். மிச்சப் பணத்தில் அவளுக்கு அளவான ஒரு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும். இதுவரை என் பழைய ஹெல்மெட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், அது அவள் தலையில் ஆடும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஒரே கேள்வி. கேரியரில் டாப் பாக்ஸ் மாட்டலாமா, பக்கவாட்டுப் பெட்டியா?

ஒர்க்‌ஷாப்_மாமா:

கனமானது எல்லாம் பக்கவாட்டில், கீழே. டாப் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது, அதில் கனம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி 80-ல் ஹேண்டில் ஆடும். மழைக்கோட்டும் துண்டும் வைக்க மட்டும் டாப் பாக்ஸ். கம்பி போடும்போது ராணி சொன்ன சாரி கார்டு ஞாபகம் இருக்கட்டும். டெலிவரி எடுத்த அன்றே பிரீலோடை இருவருக்கு ஏற்றிவிடுங்கள், ஷோரூம்காரர் செய்ய மாட்டார்.

பின்சீட்_ராணி:

மதுரை போய் வந்ததும் தங்கச்சியையே இங்கே எழுதச் சொல்லுங்கள். கரூரில் டீக்கடையில் எப்படி நின்றாள் என்று கேட்க வேண்டும்.