பதில்: பச்சை குத்தும் சொற்கள் – மிச்சம் மூன்று

அன்பின் எல்லோருக்கும்,

பச்சை குத்துவதற்கு இணையத்தில் வடிவம் தேடுபவர்களுக்கான வழிகாட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. சொல்லடைவில் ஃபிளாஷ், ஸ்டென்சில், ஹீல்ட் போட்டோ ஆகிய மூன்றுக்கு மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை.

> இதற்கெல்லாம் கலைச்சொல் தேவையா?

தேவைதான் ஐயா. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்தது காரைதீவில். அங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் அறுகம்பே. அலைச்சறுக்குக் காலத்தில் அந்தப் பக்கம் ஊசியும் மையும் ஓய்வதில்லை. கடைக்குப் போகும் பொடியன் கேட்க வேண்டியதைத் தமிழில் கேட்கச் சொல் வேண்டாமா?

ஸ்டென்சில் என்பது குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி எடுக்கும் கோட்டு வடிவம். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுவோம். தவணைப் பரீட்சைத் தாளை ரோணியோ நகல் பொறியில் அடித்த காலத்திலேயே அது நம் சொல்லாகிவிட்டது.

ஃபிளாஷ் என்பது கடைச் சுவரில் மாட்டியிருக்கும், முன்கூட்டியே வரைந்து வைத்த வடிவம். 'ஒளிவீச்சு' என்று பட்டியலில் யாரோ போட்டிருக்கிறீர்கள். அது கெமராவின் ஃபிளாஷ். ஆயத்த ஆடை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'ஆயத்த வடிவம்' உடனே விளங்கும். ஒருவருக்கென்றே வரைவது 'தனி வடிவம்'. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் பயன் இருக்கிறது. ஆயத்த வடிவத்தை யாருக்கும் குத்தலாம் என்றுதான் வரைகிறார்கள். பின்டரெஸ்டில் கிடைக்கும் தனி வடிவமோ இன்னொருவர் காசு கொடுத்துத் தனக்கென்று வரைவித்தது. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் வரைந்தவரின் பக்கம் பல வேளைகளில் அகப்படும்.

இனி ஹீல்ட் போட்டோ, அதாவது குத்திய புண் ஆறிய பிறகு எடுக்கும் படம். என் கவலை முழுவதும் இதில்தான்.

> 'குணமடைந்த படம்' போடலாமே?

கல்முனை அண்ணன், குணமடைவது ஆள் அல்லவா? நம் பக்கத்தில் புண் 'ஆறும்'. ஆனால் 'ஆறுபடம்' என்றும் வைக்க முடியாது. 'ஆறுபடம் அனுப்புங்கள்' என்று கேட்டால் எண்ணி ஆறு படம் வரும். 'ஆற்றுப்படம்' என்றால் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். என் முன்மொழிவு 'ஆறியதோல் படம்'. ஆறியது எது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு எதிராகக் குத்தி முடித்த கையோடு எடுப்பதை 'உடன்படம்' எனலாம்.

இணையத்தில் கண்ணைப் பறிப்பவற்றில் பெரும்பகுதி உடன்படங்கள். கோடு கத்தி போல் இருக்கும், நிறம் பளிச்சிடும், சுற்றிலும் தோல் சிவந்து வீங்கியிருக்கும். மேல்தோல் ஆற இரண்டு மூன்று கிழமை எடுக்கும். மை தங்குவது அதற்குக் கீழே உள்ள உட்தோலில். ஆண்டுகள் போகப் போகக் கோடு கொஞ்சம் அகலும். ஒரு ரூபாய்க் காசளவில் நெருக்கி வரைந்த தாமரையின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அப்புறம், மையை நாம் பார்ப்பதே நம் மேல்தோலின் நிறத்துக்கு ஊடாகத்தான். வெள்ளைத் தோலில் எடுப்பாக இருக்கும் மஞ்சளும் வெள்ளையும் நம் மாநிறத்திலும் கறுப்பிலும் மங்கித் தெரியும். ஆகவே 'நம் நிறத்தில் ஆறியதோல் படம் இருக்கிறதா?' என்று கேட்பதுதான் வடிவம் தேர்வதில் பாதி வேலை. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படத்துக்கு இப்படி ஒன்று கிடையவே கிடையாது. அது எந்தத் தோலிலும் குத்தப்பட்டதில்லை.

– கல்லடியிலிருந்து

*

அண்ணா,

'ஆறியதோல் படம்' நல்லது. புணர்ச்சி விதி பார்த்து 'ஆறியதோற்படம்' ஆக்க யாரும் வராதீர்கள், கடைக்காரர் பயந்துவிடுவார்.

உடன்படம் மட்டும் இடிக்கிறது. 'உடன்பட்டேன்' என்பதன் தம்பி போல இருக்கிறது. 'புதுக்குத்துப் படம்' எப்படி?

வழிகாட்டியில் தமிழ் எழுத்துக் குத்துபவர்களுக்கும் ஒரு பந்தி வேண்டும். தமிழ் தெரியாத கடைகளில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வருகிறது. சில வரைகலை மென்பொருள்களில் தென்னாசிய எழுத்துக்கான அமைப்பை இயக்காவிட்டால் 'கொ' ஒழுங்காகச் சேராது. கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம். திரையில் திருத்தலாம், முழங்கையில் முடியாது. வாசகத்தை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பச் சொல்லுங்கள்.

மத உருவங்களைப் பற்றியும் ஒரு வரி. 2014இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவரை இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நட்டஈடு வரும் வரை யார் காத்திருப்பது?

– பாண்டிருப்பிலிருந்து

*

தங்கச்சி,

'புதுக்குத்துப் படம்' அடிதடிச் செய்தி மாதிரி இருக்கிறது. 'புதுப்பச்சைப் படம்' என்று மாற்றுகிறேன். மற்ற இரண்டு பந்தியையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுவேன்.

– கல்லடியிலிருந்து