பூசணி ஸ்கோன் தட்டையாகப் பரவுது, கிளேஸும் நிற்க மாட்டேங்குது

இலையுதிர்காலம்:
அமெரிக்கக் காபிக் கடைகளில் அக்டோபரில் வைப்பார்களே, மேலே ரெண்டு கிளேஸ் (சர்க்கரைப் பூச்சு) போட்ட முக்கோணப் பூசணி ஸ்கோன் (ஈஸ்ட் போடாம சுடுற சின்ன ரொட்டி), அதே மாதிரி வேணும். என் அளவு: மைதா 2 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1/3 கப், உப்பு அரை தேக்கரண்டி, வெண்ணெய் ஒரு ஸ்டிக் (113 கிராம்), டின் பூசணி விழுது அரை கப், முட்டை 1, க்ரீம் 3 மேசைக்கரண்டி. 375 டிகிரி ஃபாரன்ஹீட், 20 நிமிஷம். ஓரமெல்லாம் பரவி, நடுவில் களி மாதிரி இருக்கு. கிளேஸ் உள்ளே இறங்கி மறுநாள் பிசுபிசுக்குது. எங்கே தப்பு? முட்டை இல்லாமலும் வருமா?

வெண்ணெய்த்தாழி:
அளவு சரிதாங்க. தண்ணிதான் கெடுக்குது. டின் விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணி. அரை கப்னா சுமார் 120 கிராம். அதை ஒரு தட்டில் மெல்லிசாப் பரப்பி, மேலே பேப்பர் டவல் போட்டு உள்ளங்கையால அழுத்துங்க. டவல் ஆரஞ்சு நிறமா ஊறினதும் வேற மாத்துங்க. மூணு நாலு தடவை இப்படிச் செஞ்சு, தராசில் வச்சா 80 கிராம் காட்டணும். பதம் வந்த விழுது டவலை உரிக்கும்போது தோல் மாதிரி தனியா கழன்று வரும், கரண்டியில எடுத்தா வழியாம குவிஞ்சு நிக்கும். இதைத் தவிர்த்துட்டு வேற என்ன செஞ்சாலும் பலன் இல்லை.

மைதாவையும் எடை போடுங்க, 250 கிராம். கப்பை மாவுக்குள்ள விட்டு அள்ளினா 300 வரைக்கும் போயிடும், அப்புறம் வறண்டு உதிரும்.

வெண்ணெயை அரை அங்குலத் துண்டா நறுக்கி ஃப்ரீசரில் 15 நிமிஷம் வச்சுட்டு மாவில் பிசிறுங்க. பட்டாணி அளவுக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியணும். அடுப்புச் சூட்டில் அந்தக் கட்டியில இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் அடுக்கைத் தூக்குது. முன்னாடியே இளகிட்டா மாவு அதைக் குடிச்சிடும், கிடைக்கிறது குக்கீதான். விழுது, முட்டை, க்ரீம் மூணும் ஜில்லுன்னு இருக்கணும். ஈரம் சேர்ந்ததும் சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீங்க. ஒண்ணா ஒட்டினா போதும்.

7 அங்குல வட்டம், ஒரு அங்குல உயரம், 8 துண்டு. கத்தியை நேரா கீழே அழுத்தி வெட்டுங்க. இழுத்து அறுத்தா ஓரம் பூசி ஒட்டிக்கும், அந்தப் பக்கம் எழும்பாது. வெட்டின துண்டுகளை 20 நிமிஷம் ஃப்ரீசரில் வச்சு, 425 டிகிரி (220 செல்சியஸ்) அடுப்பில் 15 முதல் 18 நிமிஷம். 375-ல் மேல்தோல் இறுகுறதுக்குள்ள வெண்ணெய் உருகி ஓடிடுது. நடுவில் குத்தின தெர்மாமீட்டர் 200 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினா வெந்தாச்சு.

மசாலா: பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, சுக்கு அரை, ஜாதிக்காய் கால், கிராம்பு ஒரு சிட்டிகை. கிராம்பு கொஞ்சம் மிஞ்சினாலும் மருந்து வாடைதான்.

மேப்பிள்சொட்டு:
கிளேஸ் பற்றி. முதலில் ஸ்கோனைக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரமாவது ஆற வையுங்கள். அடியைத் தொட்டால் கொஞ்சமும் சூடு தெரியக் கூடாது. சூடு இருந்தால் சர்க்கரை இளகி உள்ளே இறங்கிவிடும்.

முதல் பூச்சு: சலித்த ஐசிங் சர்க்கரை (மாவாகப் பொடித்த சர்க்கரை) 120 கிராம், பால் 1 மேசைக்கரண்டி. பிறகு அரை அரைத் தேக்கரண்டியாகப் பால் சேருங்கள். கரண்டியைத் தூக்கும்போது விழும் நாடா, பரப்பில் பத்து எண்ணும்வரை தெரிந்து பிறகு மறைய வேண்டும். இதை மேலே முழுக்கத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். விரல் ஒட்டாமல் காய்ந்ததும் இரண்டாவது: ஐசிங் சர்க்கரை 60 கிராம், அதே மசாலா கால் தேக்கரண்டி, பால் 2 தேக்கரண்டி. முதலாவதைவிடச் சற்றுக் கெட்டியாக, கோடு கோடாக விடவும்.

மறுநாள் பிசுபிசுப்பது மூடி வைப்பதால். ஸ்கோனின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. சாப்பிடும் அன்றே கிளேஸ் போடுங்கள். மிச்சத்தைக் கிளேஸ் இல்லாமல் ஃப்ரீசரில் வையுங்கள்.

மேப்பிள் கிளேஸ் வேண்டுமென்றால் வெண்ணெய் 28 கிராம், மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய பாகு) 80 மி.லி. உருக்கி, ஐசிங் சர்க்கரை 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. இதை மட்டும் வெதுவெதுப்பாகவே ஊற்ற வேண்டும், ஆறினால் இறுகிவிடும். 'டார்க்' என்று போட்ட சிரப்பில் மணம் தூக்கலாக இருக்கும். பான்கேக் சிரப் வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அது சோளச் சிரப்.

இலையுதிர்காலம்:
விழுதை ஒத்தி எடுத்தேன், 82 கிராம். 425-ல் நல்லா எழும்பிச்சு, ரொம்ப நன்றி. ஆனா அடி கருகுது. டின் இல்லாம முழுப் பூசணியில் செய்யலாமா?

கல்சட்டி:
கறுப்பு நான்-ஸ்டிக் தட்டா? அது சூட்டை வேகமா வாங்கும். வெளிர் நிற அலுமினியத் தட்டுக்கு மாறுங்க, இல்லைன்னா அடியில் இன்னொரு தட்டை வச்சு மேலே பேக்கிங் தாள் விரிங்க.

ஹாலோவீனுக்குச் செதுக்குற பெரிய பூசணி வேண்டாம், நாரும் தண்ணியும்தான். சின்னதா 'பை பம்ப்கின்'னு (பைங்கிற இனிப்புப் பண்டத்துக்கான பூசணி) விப்பாங்க, இல்லைன்னா பட்டர்நட் பூசணி. அமெரிக்க டின் விழுதுக்கு இல்லினாய் மாநிலத்தில் அதிகமாப் பயிராகுற டிக்கின்சன் வகையும், பட்டர்நட்டும், நம்ம பறங்கிக்காயும் ஒரே இனம். அதனால இந்தியக் கடையில் கிடைக்கிற முற்றின பறங்கிக்கீற்றே போதும். வேக வைக்காதீங்க, சுடுங்க: வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி 400 டிகிரியில், கத்தி தடையில்லாம இறங்குற வரைக்கும். மசிச்சு, கட்டித்தயிருக்குச் செய்யிற மாதிரி துணியில் கட்டி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜில் வடிய விடுங்க. டின் வாங்கினா லேபிளைப் பாருங்க, 'பை ஃபில்லிங்'னா சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

முட்டைக்குப் பதிலா தண்ணி வடிச்ச தயிர் 50 கிராம். தயிர்ப் புளிப்புக்காக பேக்கிங் பவுடரை 2½ தேக்கரண்டியாக் குறைச்சு, சமையல் சோடா கால் தேக்கரண்டி சேருங்க. நிறம் வெளுப்பா வரும். அடுப்பில் வைக்கிறதுக்கு முன்னாடி மேலே க்ரீம் தடவினா சிவக்கும்.