சுண்டு விரல் மட்டும் மரக்கவில்லை

பிளவுஸ் தைத்துத்தான் எங்கள் வீடு ஓடுகிறது, அதனால் தையல் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு வலது கை எரிச்சலும் மதமதப்புமாக எழுப்பிவிடும், எழுந்து உட்கார்ந்து உதறினால் அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். முதலில் காட்டிய இடத்தில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். ஆறு மாதம் போட்டேன். அதற்குள் கொக்கி கட்டும்போது விரலில் ஊசி இருப்பதே தெரியாமல் நழுவ ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் போன நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "சுண்டு விரலும் மரத்துப்போகுதாம்மா?" என்பதுதான். யோசித்தால், இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது, விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், இந்த விரல்களுக்கு உணர்வு தருகிற மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகவேண்டும், அங்கே வீங்கினால் நசுங்குவது நரம்புதான். சுண்டு விரலுக்குப் போகிற நரம்பு அந்த வழியில் போவதில்லை. அந்தக் குறுகலான வழிக்குக் கார்ப்பல் டனல் என்று பெயர், இந்த நோயையும் அப்படியேதான் சொல்கிறார்கள். மணிக்கட்டுகளை மடக்கிப் புறங்கைகளைச் சேர்த்து ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார், அரை நிமிடத்திலேயே மரத்துவிட்டது. நரம்புப் பரிசோதனையும் அதையே காட்டியது. ரத்தத்தில் தைராய்டும் குறைவாக இருந்தது, அதுவும் இதற்கு ஒரு காரணமாம்.

ஆரம்பத்திலேயே போயிருந்தால் ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டி, தேவைப்பட்டால் ஒரு ஸ்டீராய்டு ஊசி என்று முடிந்திருக்கலாம். எனக்குக் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை வற்றத் தொடங்கியிருந்ததால் ஆபரேஷன். கையை மட்டும் மரக்கவைத்து, அந்த வழியை மூடியிருக்கிற தசைநாரை வெட்டிவிட்டார்கள். ராத்திரி எரிச்சல் அந்த வாரமே போய்விட்டது. விரல் நுனி உணர்வு வர மாதங்கள் ஆயின, வற்றிய சதை இன்னும் வரவில்லை. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

—

அக்கா, எனக்கு நேர் எதிர். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும்தான் மரக்கும். கணக்கு எழுதுகிற வேலை, நாள் முழுக்க முழங்கையை மேஜையில் ஊன்றியே உட்கார்ந்திருப்பேன், வீட்டுக்கு வந்தால் கையை மடக்கிப் போன். முழங்கை எங்காவது இடித்தால் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று இழுக்குமே, அதே நரம்புதான் அங்கே அழுந்தியிருந்தது. இப்போது முழங்கை மடங்காதபடி துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுக்கிறேன், மூன்று மாதத்தில் நன்றாகக் குறைந்திருக்கிறது. உங்கள் இடது கையையும் காட்டினீர்களா? கார்ப்பல் டனல் பலருக்கு இரண்டு கையிலும் வரும் என்று என் டாக்டர் சொன்னார், இன்னொரு ஆறு மாதம் போய்விடக் கூடாது அக்கா.