ட்ரை ஃபுட் கூட பச்சைக் கறி கலந்து போடலாமா? கடைக்காரர் கூடவே கூடாதுங்கறார்

தாம்பரம்_லேப்
எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீட்ல ஒரு லேப் (லேப்ரடார்) நாய், ஒன்றரை வயசு, 28 கிலோ. இதுவரைக்கும் முழுக்க ட்ரை ஃபுட்தான் (எந்த கம்பெனி வாங்கினாலும் அம்மாவுக்கு அது பெடிகிரிதான்). மூணு வாரமா ராத்திரி மட்டும் அதுமேல கொஞ்சம் பச்சை சிக்கன் போட்டு கலக்கி வைக்கிறேன், தட்டு பளபளன்னு ஆயிடுது. நேத்து மூட்டை வாங்கப் போனப்ப கடைக்காரர்கிட்ட இதச் சொன்னேன், மனுஷன் பதறிட்டார். கறி நாலு மணி நேரத்துல செரிச்சிடுமாம், ட்ரை ஃபுட்டுக்கு பன்னெண்டு மணி நேரம் ஆகுமாம், சேத்துப் போட்டா கறி உள்ளயே தேங்கி அழுகிடுமாம். ஒண்ணு இது, இல்லன்னா அதுங்கறார். நெசமா?

கோம்பைக்காரன்
கலக்காதீங்க, அது சரிதான். ஆனா நிறுத்த வேண்டியது கறிய இல்லண்ணே, அந்த ட்ரை ஃபுட் உருண்டைய. எங்கிட்ட ரெண்டு கோம்பை நாய் இருக்கு, ஆறு வருஷமா பச்சைக் கறி, எலும்பு, ஈரல், வாரம் ரெண்டு முட்டை, அவ்வளவுதான். பல்லுல காரை கிடையாது, வெளிக்கி போனா நாத்தம் கிடையாது. நாய் ஓநாய் வம்சம்ணே, அதுக்கு சோளமாவும் அரிசிமாவும் எதுக்கு? அந்த மூட்டையில பாதி மாவு.

ரெண்டு_பக்_அம்மா
கடைக்காரர் உருண்டை விக்கிறவர், கறி வேணாம்னு சொல்லாம வேற என்ன சொல்லுவார் 😀

வெட்_மூணாம்_வருஷம்
அந்த நாலு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கணக்கு இன்டர்நெட்ல எல்லா இடத்துலயும் ஓடுது, ஆனா எங்க பாடத்துல நான் பாத்ததே இல்ல. வயித்துல இருந்து குடலுக்கு சாப்பாடு இறங்கற வேகம் எவ்ளோ சாப்பிட்டான், எவ்ளோ கொழுப்பு, துண்டு எவ்ளோ பெருசு, இப்படி பல விஷயத்தப் பொறுத்தது. கொழுப்பு ஜாஸ்தின்னா மெதுவா இறங்கும், அப்படிப் பாத்தா தோலோட இருக்கற கோழிதான் லேட்டாகணும். வயித்துக்குள்ள அமிலத்துல ஊறி கூழாகி கொஞ்சம் கொஞ்சமா இறங்குது, அங்க போய் இது கறி வரிசை இது உருண்டை வரிசைன்னு யாரும் டோக்கன் குடுக்கல. மீனும் தயிரும் சேரக்கூடாதுன்னு ஆச்சி சொல்லுமே, அந்த மாதிரி கதைதான் இது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி தெரு நாய் சோறு, எலும்பு, அப்பளம், பாயாசம் எல்லாத்தையும் ஒரே வாய்ல தின்னுட்டு நிம்மதியா தூங்குது.

கோம்பை அண்ணே, மாவு செரிக்காதுங்கறதும் பழைய பேச்சு. 2013ல ஸ்வீடன் உப்சலா பல்கலைக்கழக ஆளுங்க நாய், ஓநாய் ரெண்டோட ஜீனையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. மாவுச்சத்த உடைக்கற அமைலேஸ் ஜீன் ஓநாய்க்கு ரெண்டு காப்பி, நாய்க்கு அது பல மடங்கு. மனுஷன்கூட சேந்து தானியம் தின்னு பழகின ஜென்மம்ணே இது. உங்க ஊர்ல தாத்தா காலத்து கோம்பைக்கு கம்மங்கூழ் ஊத்தவே இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

கோம்பைக்காரன்
ஊத்துனாங்க தம்பி, இல்லைங்கல. கூழ் வேற, மூட்டையில வர்றது வேற. 2007ல அமெரிக்காவுல நாய் சாப்பாட்டுல போடற கோதுமை குளூட்டன்ல (கோதுமைப் புரதம்) மெலமைன்ங்கற பிளாஸ்டிக் ரசாயனம் கலந்து வந்து எத்தனை நாய் பூனை கிட்னி போய் செத்துச்சு, அதையும் உங்க பாடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?

வெட்_மூணாம்_வருஷம்
சொல்லிக் குடுத்தாங்க 🙂 2012ல அங்க ட்ரை ஃபுட்ல சால்மோனெல்லாங்கற கிருமி இருந்து, அதத் தொட்ட ஆளுங்களுக்கே வயித்துப்போக்கு வந்ததையும் சேத்து. ட்ரை ஃபுட் புனிதம்னு நான் சொல்லல. கலந்தா அழுகும்ங்கறது மட்டும் பொய்னு சொல்றேன்.

ஈரோட்டுக்காரன்
வணக்கமுங்க. கலந்து போட்டு கையச் சுட்டுக்கிட்டவன் நான், அதனால சொல்றேன். செரிமானமெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்லீங்க, என் பிரச்சனை தராசு. என் லேபும் 28 கிலோதான், மூட்டையில போட்டிருந்தபடி ஒரு நாளைக்கு 360 கிராம் போட்டுட்டிருந்தேன். பாதிப் பாதி பண்ணலாம்னு 180 கிராம் உருண்டை, 180 கிராம் எலும்பில்லாத சிக்கன்னு மாத்துனேன், கணக்கு நேராத்தானே இருக்குன்னு நெனச்சேனுங்க. ரெண்டு மாசத்துல விலா எலும்பு எண்ணலாம் போல ஆயிட்டான், பக்கத்து வீட்டுக்காரம்மா சோறு போடறீங்களா இல்லையாங்கறாங்க. அப்புறம்தான் டாக்டர் உக்கார வெச்சு கணக்குப் போட்டாரு. உருண்டையில ஈரம் பத்து சதவீதம் பக்கம்தான், 100 கிராமுக்கு 350, 360 கலோரி வருது, பச்சை சிக்கன்ல முக்கா பாகம் தண்ணி, 100 கிராமுக்கு 120 வந்தாலே பெருசு. ஆக மொத்தம் 1300 கலோரி திங்கற நாய்க்கு நான் 860தான் போட்டிருக்கேன்! கிராமுக்கு கிராம் மாத்துனா நாய் எளைக்கும், குறைக்காம மேல மேல போட்டா கொழுக்கும். நம்ம தாம்பரம் தம்பி எந்தப் பக்கம்னு தெரியலையே, உருண்டைய குறைச்சீங்களா?

தாம்பரம்_லேப்
அய்யோ. குறைக்கல. ஒரு கை சிக்கன், அது எவ்ளோன்னுகூட தெரியாது.

வெட்_மூணாம்_வருஷம்
அப்ப முதல்ல எடை பாருங்க. ஈரோடு அண்ணன் சொன்னதுகூட இன்னொண்ணு சேத்துக்கறேன், கால்சியம். 100 கிராம் எலும்பில்லாத கோழியில பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் பக்கம் இருக்கும், கால்சியம் பத்து பதினஞ்சு. நாய்க்கு இது ரெண்டும் கிட்டத்தட்ட சமமா, கால்சியம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ட்ரை ஃபுட்ல அந்தக் கணக்கு பாத்துதான் செய்யறாங்க, நீங்க பாதிய எடுத்துட்டு வெறும் சதைய வெச்சா தராசு ஒரு பக்கமா சாஞ்சிடும். உடம்பு ரத்தத்துல கால்சியம் குறையாம பாத்துக்க எலும்புல இருந்து உருவும். வெறும் கறி திங்கற குட்டிங்க கால் வளைஞ்சு, லேசா குதிச்சாலே எலும்பு முறிஞ்சு வர்றது இதனாலதான். வளந்த நாய்க்கு மொத்த கலோரியில பத்துல ஒரு பங்கு வரைக்கும் வெளிச் சாப்பாடு போட்டா பெருசா ஒண்ணும் ஆகாது, உங்க பையனுக்கு அது 130 கலோரி, அதாவது நூறு கிராம் சிக்கன், அந்த அளவு உருண்டைய குறைச்சிடணும். அதுக்கு மேல போனா கணக்குப் போடாம போகக் கூடாது.

ரெண்டு_பக்_அம்மா
அப்ப மெடிக்கல்ல விக்கிற கால்சியம் சிரப் ஊத்திட்டா போச்சுல்ல? நான் குட்டியில இருந்து ஊத்தறேனே

வெட்_மூணாம்_வருஷம்
அக்கா பப்பி ஃபுட்டும் போட்டு சிரப்பும் ஊத்தறதுதான் நம்ம ஊர்ல ரொம்ப நடக்குது. லேப், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி பெரிய ஜாதி குட்டிங்களுக்கு அது ஆபத்து, ஜாஸ்தியான கால்சியத்த குட்டி உடம்பு வேணாம்னு தள்ளத் தெரியாது, எலும்பு வளர்ச்சியே கோணிடும். டாக்டர் சொல்லாம எதையும் ஊத்தாதீங்க.

கோம்பைக்காரன்
இதுக்குத்தான் எலும்போட போடுங்கறது. கோழிக் கழுத்து, கால். கால்சியம் தானா வந்துருது, சிரப்பும் வேணாம் முட்டை ஓடும் வேணாம்.

ரெண்டு_பக்_அம்மா
தம்பி அந்த பேச்சே எடுக்காதீங்க. உங்களமாதிரி ஒருத்தர் சொன்னார்னு போன வருஷம் ஒரு கழுத்துத் துண்டு போட்டேன், எங்க சின்னது மெல்லவே இல்ல, அப்படியே முழுங்கி தொண்டையில நின்னு போச்சு, நாக்கு நீலமாகி, நான் கத்தி, மாடி வீட்டுப் பையன் ஓடி வந்து விரல விட்டு எடுத்தான். கோம்பைக்கு நீள மூஞ்சி, கடிச்சு நொறுக்கும். பக்குக்கு மூஞ்சியே கிடையாது, மூச்சு விடறதுக்கே அது பாடு படுது. அன்னையில இருந்து எங்க வீட்ல ட்ரை ஃபுட் கூட வேகவெச்ச சிக்கன் பிச்சுப் போட்டு, உப்பில்லாம, வெங்காயம் பூண்டு படாம. கலக்கத்தான் செய்யறேன், அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகல.

கோம்பைக்காரன்
அது சங்கடம்தாங்க்கா. பக்குக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேகவெச்ச எலும்பு மட்டும் குடுத்துறாதீங்க, அது சில்லு சில்லா ஒடைஞ்சு குடல கிழிக்கும். பச்சை எலும்பு அப்படி ஒடையாது.

வெட்_மூணாம்_வருஷம்
கம்மியா ஒடையும், ஒடையவே ஒடையாதுன்னு இல்ல. மாட்டுத் தொடை எலும்பு கடிச்சு பல்லு ரெண்டா பொளந்தத கிளினிக்ல நானே பாத்திருக்கேன்.

கலக்கறதுல நிஜமாவே யோசிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அத யாரும் பேசலையேன்னு பாக்கறேன். உருண்டை காஞ்சு இருக்கறதாலதான் காலைல வெச்சது சாயங்காலம் வரைக்கும் தட்டுல கெடக்குது. அதுமேல பச்சைக் கறியப் போட்டு கலக்கிட்டீங்கன்னா அந்த ரத்தத் தண்ணியில எல்லாம் ஊறிடும், அப்புறம் அது மொத்தமும் பச்சைக் கறிதான். மே மாச வெயில்ல ரெண்டு மணி நேரம் தட்டுல கெடந்தா என்ன ஆகும்? இருபது நிமிஷத்துல திங்கலைன்னா தூக்கிப் போட்டுட்டு தட்ட சோப்பு போட்டு கழுவுங்க. ஃப்ரீசர்ல வெச்சுட்டேன் கிருமி செத்துடும்னு நெனைக்காதீங்க, சால்மோனெல்லா அதுல தூங்கும், சாகாது. நாய்க்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், ஆனா அது வெளிக்கில கிருமிய விட்டுட்டே இருக்கும், பின்பக்கத்த நக்கிட்டு வந்து நம்ம மூஞ்சிய நக்கும். வீட்ல சின்னக் குழந்தையோ வயசானவங்களோ இருந்தா நான் பச்சையே வேணாம்பேன்.

அப்புறம் ஆட்டு ஈரல், நுரையீரல். கறிக்கடையில தண்ணிக் கட்டி இருக்கற ஈரல கழிச்சு நாய்க்குன்னு சும்மா தருவாங்க. அதுக்குள்ள இருக்கறது நாடாப்புழுவோட குட்டி. நாய் தின்னா அதோட குடல்ல புழுவாகி, முட்டை வெளிக்கி வழியா மண்ணுக்கும் நாய் முடிக்கும் வரும், அது மனுஷன் வயித்துக்குப் போனா ஈரல்லயும் நுரையீரல்லயும் கட்டி வரும், ஆபரேஷன் வரைக்கும் போகும்.

கோம்பைக்காரன்
கட்டி இருக்கறத நான் வாங்கறதில்ல தம்பி.

வெட்_மூணாம்_வருஷம்
வெளிய தெரியாத கட்டியும் இருக்கும்ணே.

கோம்பைக்காரன்
சரி, ஆட்டு ஈரல் மட்டும் இனி வேகவெச்சுடறேன். கோழி பச்சைதான், அதுல மாத்தமில்ல. எங்க வீட்ல கைக்குழந்தையும் இல்ல.

தாம்பரம்_லேப்
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு அவனத் தூக்கிட்டு வீட்டு மெஷின்ல நின்னு என் எடைய கழிச்சுப் பாத்தேன், 29.6. மூணு வாரத்துல ஒன்றரை கிலோ! எங்க அக்கா பொண்ணு ரெண்டு வயசு, பாதி நாள் இங்கதான் இருக்கா, அவன் மூஞ்சிய நக்காத நாளே இல்ல. அதனால வேகவெச்சே போடறேன், நூறு கிராம், அந்த அளவுக்கு உருண்டைய குறைச்சு. வேகவெச்ச தண்ணியையும் உருண்டைமேல ஊத்தலாமா?

ரெண்டு_பக்_அம்மா
மேல மிதக்கற கொழுப்ப எடுத்துட்டு ஊத்துங்க. எங்கது ரெண்டும் அதுக்குத்தான் அடிச்சுக்கும்.

ஈரோட்டுக்காரன்
முதல்ல சமையக்கட்டுக்கு ஒரு தராசு வாங்குங்க தம்பி. உங்க கை எவ்ளோ பெருசோ எங்களுக்குத் தெரியாதில்லீங்களா.